கடைமடையிலிருந்து ஒரு விண்ணப்பம்

இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி தலைவலியையும் அஜீரணத்தையும் தூக்கமின்மையையும் பற்றியவை. அவற்றுக்கு விடை எழுதுவது சுலபம். ஏனெனில் எழுதுகிறவனுக்கும் அந்த மூன்றும் உண்டு. ஆனால் சென்ற வாரம் வந்த கடிதம் ஒன்று அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அதைப் படித்துவிட்டு உடனே பேனாவைக் கையில் எடுக்க மனம் வரவில்லை. சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எழுதியவர் ஒரு சகோதரி. பெயரும் ஊரும் நமக்கு வேண்டியதில்லை. அவருடைய கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதுபட்டு ஒன்றரை வருஷமாகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிஸிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்புக்காக ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது இரத்த அழுத்தம் 180-க்குக் குறைவதில்லை. யந்திரத்தோடு இணைத்து மூன்றாவது மணி ஆகும் சமயத்தில் அதே அழுத்தம் 80-க்கு இறங்கிவிடுகிறது. முதலில் கொட்டாவி வருகிறது, பிறகு வியர்க்கிறது, பிறகு கண் இருண்டு சாய்ந்துவிடுகிறார். கொதிப்புக்காரருக்கு அழுத்தம் எப்படி இறங்கும், யந்திரத்தில் கோளாறா அல்லது மாத்திரையில் கோளாறா என்று அந்தச் சகோதரி கேட்கிறார். மாத்திரைதான் குற்றவாளி என்று தாமே தீர்ப்புச் செய்து, பத்து நாட்களாகக் கணவருக்குத் தெரியாமல் மூன்று மாத்திரைகளில் இரண்டை நிறுத்தியும் விட்டார். தாம் செய்தது சரிதானா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன். சரியன்று, அம்மணி. இதைப் படித்த கையோடு டாக்டரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். இதையே ஒரு தனிக் கடிதமாகவும் எழுதி அன்றே தபாலில் சேர்த்திருக்கிறேன். மற்ற இரண்டு கேள்விகளும் எளிதில் விடை சொல்லக் கூடியவை அல்ல. உலகத்து வைத்திய நிபுணர்கள் அவற்றுக்கு விடை காணப் பல வருஷங்கள் பாடுபட்டிருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் பொறுமையோடு கேட்கவேண்டும்.

எழுந்து நிற்பது என்னும் அதிசயம்

இருதயம் தள்ளிவிடும் இரத்தம் தமனிகளின் சுவரை எவ்வளவு வேகத்தோடு தள்ளுகிறதோ அதுவே இரத்த அழுத்தம். இதை முதன்முதலில் அளந்து பார்த்தவர் வைத்தியர் அல்லர். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். அவர் ஒரு குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை நிமிர்த்தி நிறுத்தினார். இரத்தம் எட்டு அடி மூன்று அங்குல உயரம் ஏறி நின்று, இருதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் மேலும் கீழுமாக ஆடிற்று. இதை அவர் 1733-இல் நூலாக வெளியிட்டார். மனிதருக்கு இந்தச் சங்கடம் தேவையில்லாதபடி, கையில் கட்டும் பட்டையை 1896-இல் இத்தாலிய வைத்தியர் ரீவா ரோச்சி கொடுத்தார். ஸ்டெதாஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்துக் கேட்கும் முறையை 1905-இல் ருஷ்ய வைத்தியர் கொரோட்காப் சொன்னார்.

அந்தப் பட்டை காட்டும் எண் ஏதோ ஜாதகத்தில் எழுதிய எண்போல மாறாதது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிர். விடியற்காலையில் நீங்கள் பாயை விட்டு எழுந்து நிற்கிறீர்கள். நின்ற மாத்திரத்தில் அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. நியாயமாகப் பார்த்தால் மூளைக்கு இரத்தம் போதாமல் நாம் தினமும் காலையில் தொப்பென்று விழவேண்டும். ஆனால் விழுவதில்லை. கூஜாவைத் தேடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுகிறோம். இந்த அதிசயம் எப்படி நடக்கிறது?

கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இருதயத்திலிருந்து புறப்படும் மகா தமனியின் வளைவிலும் நுண்ணிய காவற்காரர்கள் இருக்கிறார்கள். தமனியின் சுவர் எவ்வளவு விரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது அவர்கள் வேலை. சுவர் தளர்ந்தால், அந்தச் செய்தி நரம்பு வழியே மூளையின் அடித்தண்டிலுள்ள முகுளத்துக்குப் போகிறது. முகுளம் அந்தக் கணமே உத்தரவு அனுப்புகிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது. கை கால்களிலும் குடலிலுமுள்ள சிறு தமனிகள் சுருங்குகின்றன. அழுத்தம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. இவ்வளவும் சில விநாடிகளில், நம்முடைய அனுமதியைக் கேளாமலே நடந்தேறுகின்றன. ஆகையால்தான் இந்த நரம்புகளுக்குத் தானியங்கு நரம்புகள் என்று பெயர்.

இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று பரிவு நரம்புகள்; மற்றொன்று எதிர்ப்பரிவு நரம்புகள். பரிவு என்ற பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக்கூடாது. இது கண்டிப்பான தகப்பனாரின் பரிவு. தமனிகளை இறுக்குவதும், இருதயத்தைத் தட்டி எழுப்புவதும், சிறுநீரகத்தைப் பார்த்து உப்பை வெளியே விடாதே என்று அதட்டுவதும் இவைதான். எதிர்ப்பரிவு நரம்புகளோ இருதயத்தைச் சாந்தப்படுத்தும் தாயாரைப் போன்றவை. பரிவு நரம்பின் வேலையை 1851-இல் பாரிஸ் நகரில் க்ளோத் பெர்னார் என்ற மேதை ஒரு முயலின் கழுத்தில் கண்டார். ஒரு பக்கத்து நரம்பை வெட்டியதும், அந்தப் பக்கத்துக் காது சிவந்து சூடாயிற்று. இறுக்கிப் பிடித்திருந்த கை விட்டுப்போகவே இரத்தம் தாராளமாகப் பாய்ந்தது என்பது அதன் பொருள்.

தண்ணீர் வரவில்லை!

இப்போது சிறுநீரகத்துக்கு வருவோம். நம் பாட்டிமார் குண்டிக்காய் என்று சொல்லும் இந்த உறுப்பு கைம்முட்டி அளவே உள்ளது. ஆனால் இருதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இரண்டு சிறுநீரகங்களும் வாங்கிக்கொள்கின்றன. நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்று அல்லது இரண்டு லிட்டரை மாத்திரம் சிறுநீராக வெளியே விட்டுவிட்டு, மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. இவ்வளவு நாணயமான உறுப்பு வேறு இல்லை.

சிறுநீரகம் கெட்டால் அழுத்தம் ஏறும் என்பது பழைய செய்தி. லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் இருந்த ரிச்சர்ட் பிரைட், சிறுநீரகம் சுருங்கி இறந்தவர்களின் இருதயம் பருத்திருப்பதை 1836-லேயே எழுதி வைத்தார். சிறுநீரகத்திலிருந்து அழுத்தத்தை ஏற்றும் ரெனின் என்னும் பொருள் வருவதை 1898-இல் ஸ்வீடன் தேசத்தில் டீகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் கண்டார்கள். கெட்ட சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் தேக்குகிறது, ரெனினையும் சுரக்கிறது, ஆகவே அழுத்தம் ஏறுகிறது என்று வைத்தியர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அது உண்மைதான். ஆனால் அது முழு உண்மையன்று.

சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் இடையே இரண்டு வழி நரம்புகள் ஓடுகின்றன. மேலிருந்து உத்தரவு வருவது ஒரு வழி. கீழிருந்து விண்ணப்பம் போவது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியில்தான் நம் சகோதரியின் கேள்விக்கு விடை மறைந்து கிடக்கிறது.

தஞ்சை ஜில்லாவில் கடைமடையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லப் போவது உடனே விளங்கும். ஆற்றில் வெள்ளம் கரை புரண்டு ஓடுகிறது. ஆனால் வாய்க்கால் தூர்ந்துபோனதால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை. மிராசுதார் என்ன செய்வார்? "தண்ணீர் வரவில்லை; உடனே அணையைத் திறக்கவேண்டும்" என்று மேலிடத்துக்கு விண்ணப்பம் எழுதுவார். அவர் சொல்வது பொய்யன்று. அவர் வயலுக்குத் தண்ணீர் வரவில்லைதான். ஆனால் மேலிடத்தார் ஆற்றை வந்து பாராமல், விண்ணப்பத்தை மட்டும் படித்துவிட்டு அணையை இன்னும் திறந்துவிட்டால் என்ன ஆகும்? கடைமடைக்கு அப்போதும் தண்ணீர் ஏறாது. நடுவிலுள்ள ஊர்கள் மூழ்கிப்போகும்.

தழும்பேறிய சிறுநீரகத்தின் கதை இதுதான். நோயினால் அதன் உள் தமனிகள் தூர்ந்துபோகின்றன. உடலில் நீர் தேங்கிக் கால் வீங்கியிருந்தாலும் அதன் உள்ளே இரத்தம் போதவில்லை. ஆகவே அது ஓயாமல் நரம்பு வழியே மூளைக்கு விண்ணப்பம் அனுப்புகிறது. மூளை அதை நம்பிப் பரிவு நரம்புகளை முடுக்கிவிடுகிறது. உடல் முழுவதும் தமனிகள் இறுகுகின்றன. அழுத்தம் ஏறுகிறது. தூர்ந்த வாய்க்காலுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. விண்ணப்பமும் நிற்பதில்லை. நம் தேசத்தில் தந்திச் சேவை 2013-ஆம் வருஷத்தோடு முடிந்துபோயிற்று; ஆனால் சிறுநீரக நோயாளியின் உடலில் இரவும் பகலும் அவசரத் தந்தி போய்க்கொண்டே இருக்கிறது.

ஊசி முனையில் கண்ட சாட்சி

இது வெறும் கற்பனையோ என்று வாசகர் சந்தேகிக்கலாம். 1992-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இதற்குச் சாட்சி தேடினார்கள். தலைமயிரைப் போல மெல்லிய ஊசியை முழங்காலுக்கு அருகே ஓடும் நரம்பில் செலுத்தி, அதன் வழியே போகும் பரிவுச் செய்திகளை ஒன்று, இரண்டு என்று எண்ணும் முறை ஸ்வீடனில் 1960-களில் தோன்றியது. அந்த முறையைக் கொண்டு அவர்கள் மூன்று கூட்டத்தாரைச் சோதித்தார்கள். ஒரு கூட்டத்தார் நோயில்லாதவர்கள். இன்னொரு கூட்டத்தார் டயாலிஸிஸ் செய்துகொள்ளும் நோயாளிகள். அவர்களுடைய கெட்ட சிறுநீரகங்கள் உடலுக்குள்ளேயே இருந்தன. மூன்றாவது கூட்டத்தாரும் டயாலிஸிஸ் செய்துகொள்பவர்களே; ஆனால் அவர்களுடைய இரண்டு சிறுநீரகங்களும் சஸ்திர சிகிச்சையால் அகற்றப்பட்டிருந்தன.

நோயில்லாதவர்களுக்கு நிமிஷத்துக்குச் சராசரி 23 செய்திகள் போயின. கெட்ட சிறுநீரகம் உள்ளே இருந்தவர்களுக்கு 58. அதாவது இரண்டரை மடங்கு. சிறுநீரகத்தை எடுத்துவிட்டவர்களுக்கோ 21 மாத்திரமே! இரத்தத்தில் தங்கும் விஷப் பொருள்கள்தாம் நரம்பை முடுக்குகின்றன என்றால், அந்தப் பொருள்கள் மூன்றாவது கூட்டத்தாருக்கும் உண்டு. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். விண்ணப்பம் எழுத அவர்களிடத்தில் மிராசுதார் இல்லை.

மூன்று வருஷம் கழித்து, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் எலிகளைக் கொண்டு இதே விஷயத்தைச் சோதித்தார்கள். சிறுநீரகத்தைப் பழுதாக்குமுன் அதிலிருந்து முதுகுத் தண்டுக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு வேர்களை வெட்டிவிட்டபோது அழுத்தம் ஏறவில்லை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் விஷயத்திலும் இதற்குச் சான்று உண்டு. நம் நாட்டில் 1971-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வெற்றியோடு தொடங்கிய இந்தச் சிகிச்சையில், பழைய சிறுநீரகங்களை வழக்கமாக உள்ளேயே விட்டுவிடுவார்கள். அப்படி விடப்பட்டவர்களின் பரிவு நரம்புகள் புதுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்தபோதும் அடங்கவில்லை என்றும், பழையவற்றை எடுத்துவிட்டவர்களுக்கு அடங்கியிருந்தன என்றும் 2002-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். புதுச் சிறுநீரகம் வந்த பிறகும் கொதிப்பு மாத்திரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

செத்துப்போன சிறுநீரகம் என்று நாம் சாதாரணமாகப் பேசுகிறோம். அது செத்துப்போய்விடவில்லை. வேலையைத்தான் விட்டது, குரலை விடவில்லை.

ஏறியது ஏன் இறங்குகிறது?

அழுத்தம் ஏன் ஏறுகிறது என்று பார்த்தோம். இனி, யந்திரத்தின் முன்னே அது ஏன் தடாலென்று இறங்குகிறது என்று பார்க்கவேண்டும்.

நடைமுறைக்கு உதவும் டயாலிஸிஸ் யந்திரத்தை முதலில் செய்தவர் ஹாலந்து தேசத்து வில்லெம் கோல்ப். ஜெர்மானியரின் ஆக்கிரமிப்பில் நாடு அகப்பட்டிருந்த 1943-இல், காம்பன் என்ற சிற்றூரின் ஆஸ்பத்திரியில், மாமிசப் பண்டங்களுக்கு உறையாகப் பயன்படும் செல்லோபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி அதைச் செய்தார். பதினாறு நோயாளிகளைக் காப்பாற்ற முடியாமற் போயிற்று. 1945-இல் பதினேழாவது நோயாளி பிழைத்தார். அன்று முதல் கோடிக்கணக்கான மணி நேரங்களை இந்த யந்திரம் மனிதருக்குச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. ஆனால் சிறுநீரகம் ஒரு வாரம் முழுவதும் சிறுகச் சிறுகச் செய்யும் வேலையை இது மூன்று நாளில், நாளுக்கு நாலு மணி நேரத்தில் செய்து முடிக்கவேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று லிட்டர் நீர் ஒரே இருப்பில் இரத்தத்திலிருந்து வெளியேறுகிறது. சதையில் தேங்கிய நீர் இரத்தத்துக்குள் ஊறி வந்து அந்தக் குறையை நிரப்பவேண்டும். அதற்கு நேரமாகும். அது வரையில் தமனிகளை இறுக்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது யாருடைய பொறுப்பு? அதே பரிவு நரம்புகளுடைய பொறுப்பு.

அவையோ ஏற்கெனவே நாள் முழுவதும் இழுத்து இளைத்த வண்டி மாடுகள். மேட்டைக் கண்டால் எவ்வளவு தூரம் இழுக்கும்? அன்றியும், காவற்காரர்களே சரியாக இல்லை. நெடுநாள் நோயினால் தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து அது விறைத்துவிடுகிறது. விரியாத சுவரில் இருக்கும் காவற்காரனுக்கு அழுத்தம் இறங்கியது எப்படித் தெரியும்? நீரிழிவினால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கோ அந்த நரம்புகளே நோயுற்றிருக்கும். பருத்து விறைத்துப்போன இருதயத்துக்கும் இரத்தம் சற்றுக் குறைந்தால் பொறுக்காது.

இவற்றிலும் விசித்திரமான ஒன்று உண்டு. அடிக்கடி மயங்கும் நோயாளிகள் சிலரை அதே டாலஸ் நகரத்தார் 1992-இல் டயாலிஸிஸ் நடக்கும்போதே கவனித்தார்கள். முதலில் நரம்புகள் நியாயமாகத் தமனிகளை இறுக்கிக்கொண்டே வந்தன. ஒரு கட்டத்தில், எப்போது அதிகமாக இறுக்கவேண்டுமோ அப்போது, திடீரென்று பிடியை விட்டுவிட்டன. இருதயமும் வேகம் குறைந்தது. இரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுபவருக்கு என்ன நேருகிறதோ ஏறக்குறைய அதுவே இங்கும் நேர்ந்தது.

ஆகவே, அம்மணி, உங்கள் கணவருக்கு இரண்டு வியாதிகள் இல்லை. காலையில் 180 காட்டுவதற்கும் மூன்றாவது மணியில் 80 காட்டுவதற்கும் பின்னால் இருப்பவை ஒரே நரம்புகள். சும்மா இருக்கவேண்டிய வேளையில் அவை கூச்சலிடுகின்றன. கூச்சலிடவேண்டிய வேளையில் ஓய்ந்துவிடுகின்றன. யந்திரம் நிரபராதியாகவே இருக்கலாம். மாத்திரையின்மீதும் முழுப் பழியைப் போடுவதற்கில்லை.

நம் நாட்டு வேர் ஒன்று

பரிவு நரம்புகளை அடக்கி அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தை உலகத்துக்குக் காட்டியதில் நம் தேசத்துக்கும் பெரும் பங்கு உண்டு. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர் நம் வைத்தியர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தது. அது சித்தப் பிரமைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் நல்லது என்று 1931-இல் கல்கத்தாவிலிருந்து கணநாத் ஸேனும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். மேல்நாட்டார் அப்போது செவி சாய்க்கவில்லை. 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்ட பலனைப் பிரிட்டிஷ் இருதய வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் ஸ்விட்ஜர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெஸர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். பரிவு நரம்பின் முனையில் சேமித்து வைத்திருக்கும் செய்திப் பொருளைத் தீர்ந்துபோகச் செய்வது அதன் குணம். சிலருக்கு அது மனச்சோர்வை உண்டாக்கியதால் இன்று அதைக் கொடுப்பது மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் நரம்பை அடக்கினால் கொதிப்பு அடங்கும் என்ற பாடத்தை அது கற்றுக் கொடுத்தது.

இன்று வேறு மருந்துகள் உள்ளன. ரெனினுடைய வேலையைத் தடுக்கும் எனலாபிரில் போன்ற மாத்திரைகள் பரிவு நரம்பின் கூச்சலையும் தணிக்கின்றன என்று 1999-இல் ஹாலந்தில் கண்டார்கள். பீட்டா தடுப்பு மாத்திரைகள் இருதயத்தை நரம்பின் அதட்டலிலிருந்து காக்கின்றன. குளோனிடின் மூளையின் நிலையத்தையே அடக்குகிறது. தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரகத்து நரம்புகளைச் சுட்டுவிடும் சிகிச்சையும் 2009 முதல் பேசப்பட்டு வருகிறது. 2014-இல் ஒரு பெரிய பரீட்சையில் அது தோற்றது. பிறகு திருத்தப்பட்டு, 2023-இல் அமெரிக்காவில் அநுமதி பெற்றது. ஆனால் அந்த அநுமதிக்கு ஆதாரமான பரீட்சைகளில் டயாலிஸிஸ் நோயாளிகளைச் சேர்க்கவில்லை. ஆகையால் விளம்பரத்தைக் கண்டு அவசரப்படவேண்டாம்.

இப்போது அந்த இரண்டு மாத்திரைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவை எவை என்று நீங்கள் எழுதவில்லை. அவற்றில் ஒன்று குளோனிடினாகவோ பீட்டா தடுப்பு மாத்திரையாகவோ இருந்தால், நெடுநாள் அடக்கி வைத்த நரம்புகள் கட்டு அவிழ்ந்த காளைபோலக் கிளம்பி, அழுத்தத்தைப் பழைய அளவுக்கும் மேலே கொண்டுபோய்விடக்கூடும். மூளையில் இரத்தக் குழாய் வெடிப்பதும் மாரடைப்பும் அந்த வழியில் வருபவை. அதே சமயம் உங்கள் ஊகத்தில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது. டயாலிஸிஸ் நாளன்று காலையில் சில மாத்திரைகளைக் கொடுக்காமல் இரவுக்கு ஒத்தி வைப்பதுண்டு. எதை, எப்போது என்பதை மட்டும் டாக்டர்தான் சொல்லவேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

மூன்றாவது மணியின் ஆபத்துக்கு மருந்து பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இல்லை, சமையலறையில் இருக்கிறது. 9 கிராம் உப்பு உடலில் தங்கினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரையும் தன்னுடன் தங்க வைத்துக்கொள்ளும். தண்ணீர் குடிக்காதே என்று நோயாளியை அதட்டுவதில் பயன் இல்லை. உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தே தீருவான். இரண்டு டயாலிஸிஸுக்கு நடுவே நீர் எவ்வளவு சேருகிறதோ அவ்வளவையும் நாலு மணி நேரத்தில் இழுத்தாகவேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு, மணிக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் நீரை இழுத்தால் இருதயத்துக்குக் கெடுதல் என்று நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாலு மணியில் இது மூன்று லிட்டருக்குச் சற்று அதிகம். அதற்குள் அடங்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். அடங்காவிட்டால், அதிக நேரம் டயாலிஸிஸ் செய்ய முடியுமா என்று கேட்கவேண்டும்.

1930-இல் மகாத்மா தண்டியிலும் ராஜாஜி வேதாரணியத்திலும் உப்புக்காகச் சத்தியாக்கிரகம் செய்தார்கள். அந்த உப்பை இப்போது எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்யச் சொல்கிறேனே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். வேண்டியதை நாமே எடுத்துக்கொள்வது சுதந்திரம். வேண்டாததை நாமே விடுவதும் சுதந்திரம்தான். ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர்மிளகாய், கருவாடு ஆகிய ஐவரையும் இலையிலிருந்து விலக்குங்கள். இந்துப்பு நல்லது என்று அண்டை வீட்டார் சொல்வார்கள், அதுவும் உப்புத்தான். குறைந்த ஸோடியம் உள்ளது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது இருதயத்தையே நிறுத்தக்கூடியது. மயங்கினவருக்குத் தெம்பு வரட்டும் என்று இளநீர் கொடுப்பதிலும் அதே ஆபத்து உண்டு.

யந்திரத்தில் இருக்கும்போது வயிறு நிறையச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். இரத்தம் குடலுக்குப் போய்விடும். முடிந்ததும் படுக்கையை விட்டுத் துள்ளி எழாமல், சற்று உட்கார்ந்து, பிறகு நிற்கச் சொல்லுங்கள். வீட்டில் அழுத்தம் பார்க்கும்போது, டயாலிஸிஸுக்கு ஊசி குத்தும் கையில் பட்டையைக் கட்டவேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்றபின் ஒரு முறை அளந்து, இரண்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். அந்தப் புத்தகத்தைக் கண்டால் டாக்டருக்கு உங்கள்மீது இருக்கும் கோபம் பாதி தீர்ந்துவிடும். யந்திரத்துத் திரவத்தின் சூட்டை அரை டிகிரி, ஒரு டிகிரி குறைத்தால் தமனிகள் நன்றாக இறுகும் என்பது பல இடங்களில் கண்ட உண்மை. அது இவருக்குப் பொருந்துமா என்று விசாரியுங்கள். கொட்டாவி வரும்போதே நர்ஸைக் கூப்பிட வேண்டும். கண் இருளும் வரை காத்திருக்கக்கூடாது.

ஏழை எளியவர்களுக்கு ஜில்லா ஆஸ்பத்திரிகளில் இலவசமாக டயாலிஸிஸ் செய்யும் திட்டத்தை 2016-இல் மத்திய சர்க்கார் தொடங்கியது. யந்திரம் ஊருக்கு ஊர் வந்துவிட்டால் மட்டும் போதாது. அதன் எதிரே படுத்திருப்பவரின் நரம்புகள் என்ன பாடு படுகின்றன என்பது வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சகோதரி தம் கடிதத்தின் முடிவில் ஒரு வரி எழுதியிருந்தார். யந்திரத்தின் பக்கத்திலே உட்கார்ந்து அந்த எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை என்பது அதன் கருத்து. அம்மணி, இனிமேல் அந்த எண் இறங்கும்போது உங்களுக்கு அதன் பொருள் தெரியும். பொருள் தெரிந்த பயம், தெரியாத பயத்தைவிடப் பாதி சிறியது. மற்றப் பாதியை டாக்டரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். முதலில் அந்த இரண்டு மாத்திரைகளையும் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் புறப்படுங்கள்.